பழைய ஏசி போய்விட்டது: அதே மாதிரி ஏசியா, ஹீட் பம்பா? (ரொறொன்ரோவின் ஸ்காபுறோ, எரிவாயு ஃபேர்னஸ் உள்ள வீடு)

வாசல்படி எழுதியது:

வணக்கம் உறவுகளே. 20 வருடப் பழைய சென்ட்ரல் ஏசி, 2.5 தொன், ஆர்-22 வாயு. உள்ளே காயிலில் ஒழுக்கு, திருத்திப் பலனில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீடு 80களில் கட்டியது, இரண்டு மாடி, 1,800 சதுர அடி. ஃபேர்னஸுக்கு 7 வயதுதான்: 80,000 பிடியு (மணிக்குக் கொடுக்கும் வெப்பம்), செயல்திறன் 96 வீதம், நன்றாக ஓடுகிறது. மின் பெட்டி 100 அம்ப். தண்ணீர் சூடாக்குவதும் அடுப்பும் எரிவாயுவில். போன ஜனவரி மாத எரிவாயு 400 கன மீற்றர்.

கையில் மூன்று விலை இருக்கிறது. 2.5 தொன் சாதாரண ஏசி, ஒரே வேகம், 5,200 டொலர். 3 தொன் இன்வேர்ட்டர் (வேகம் கூடிக் குறையும்) ஹீட் பம்ப், ஃபேர்னஸை அப்படியே வைத்துக்கொண்டு, 9,800 டொலர். மூன்றாவது, கதவைத் தட்டி வந்த ஒருவர்: எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் பூட்டுவாராம், கையிலிருந்து ஒரு சதமும் வேண்டாமாம், மாத வாடகை 149.

ஹீட் பம்ப் கோடையில் ஏசி அளவுக்குக் குளிராக்குமா? மைனஸ் 20இல் வேலை செய்யுமா? எரிவாயு பில் உண்மையில் குறையுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

குளிர்பெட்டி எழுதியது:

கோடைக் கேள்விக்கு ஒரு வரிப் பதில்: ஹீட் பம்ப் என்பது ஏசியேதான். அதே கொம்பிரஷர், அதே காயில், அதே வாயு. கூடுதலாக வாயு ஓடும் திசையை மாற்றும் ஒரு ரிவேர்சிங் வால்வு, வெளிப் பெட்டிக்குள் இன்னொரு எக்ஸ்பான்ஷன் வால்வு, திரவம் கொம்பிரஷருக்குள் போகாமல் பிடிக்கும் அக்கியூமுலேற்றர், பனி உருக்கும் ஒரு சர்க்கிட் போர்ட், ஒன்றிரண்டு சென்சர். அவ்வளவுதான். இரண்டிலும் சீர்2 (கோடைச் செயல்திறன்) எண் ஒன்றாக இருந்தால் கோடை மின்சாரச் செலவும் ஒன்றுதான். "ஹீட் பம்ப் குளிராக்குவது குறைவு" என்று யாராவது சொன்னால் அவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

இனி அளவு. உங்களுக்கு 3 தொன் சொன்னவர் எதை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். முறையான வழி சிஎஸ்ஏ எஃப்280 கணக்கு, அதாவது வீட்டின் சூடு, குளிர்த் தேவையைக் கணக்கிடும் கனடியத் தர முறை. அது இல்லாவிட்டாலும் உங்கள் பில்லே பாதிக் கணக்கைச் செய்து தருகிறது.

400 கன மீற்றரில் தண்ணீருக்கும் அடுப்புக்கும் 60 போனால் 340. உங்கள் ஃபேர்னஸில் ஒரு கன மீற்றர் வீட்டுக்குள் கொடுப்பது ஏறக்குறைய 10 கிலோவாட் மணி வெப்பம். ஆக 3,400. ஜனவரிக்கு 744 மணித்தியாலம், எனவே சராசரி 4.6 கிலோவாட். ரொறொன்ரோ ஜனவரிச் சராசரியை மைனஸ் 4 என்று வையுங்கள். வெளியே 18க்குக் கீழே போனால்தான் வீட்டுக்குச் சூடு தேவைப்படும் (மனிதர், சமையல், வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்). வித்தியாசம் 22 பாகை. ஒரு பாகைக்கு 0.21 கிலோவாட்.

மைனஸ் 20இல் 38 பாகை வித்தியாசம்: 8 கிலோவாட், அதாவது 27,000 பிடியு. மைனஸ் 10இல் 20,000. உங்களிடம் நிற்பது 80,000 பிடியு ஃபேர்னஸ்! தேவையைப்போல் மூன்று மடங்கு. இந்த ஊரில் பாதி வீடுகளின் நிலைமை இதுதான், அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் ஃபேர்னஸ் அளவைப் பார்த்து ஹீட் பம்ப் அளவைச் சொல்லுகிறவரை நம்ப வேண்டாம்.

மைனஸ் 20 பற்றி. குளிர் பிரதேசத்துக்கென்று செய்த இன்வேர்ட்டர் ஹீட் பம்புகளுக்கு மைனஸ் 15இல் எத்தனை பிடியு, எத்தனை சிஓபி (ஒரு யூனிற் மின்சாரத்துக்கு எத்தனை யூனிற் வெப்பம்) என்று அட்டவணை இருக்கும். விற்பவரிடம் அந்தத் தாளைக் கேளுங்கள். பெட்டியில் "3 தொன்" என்று எழுதியிருப்பது கோடை அளவு, 36,000 பிடியு. மைனஸ் 15இல் அது 30,000 ஆகவும் இருக்கலாம், 16,000 ஆகவும் இருக்கலாம். மலிவான ஒரு வேகப் பெட்டி என்றால் பெரும்பாலும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும்.

3 தொன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்களுக்குக் கோடையில் 2.5 தொன்னே போதியிருக்கிறது. இங்கே யூலையில் ஈரப்பதன்தான் தொல்லை. பெட்டி பெரிதானால் ஐந்து நிமிடம் ஓடி அறையைக் குளிராக்கிவிட்டு நின்றுவிடும், காயிலில் தண்ணீர் பிடிக்க நேரமே இருக்காது. அறை 22 பாகை காட்டும், ஆனால் உடம்பு பிசுபிசுக்கும். இன்வேர்ட்டர் என்றாலும் அதன் ஆகக் குறைந்த வேகம் எத்தனை பிடியு என்று பாருங்கள். 12,000க்குக் கீழே இறங்காத பெட்டி என்றால் செப்டெம்பர், மே மாதங்களில் அதுவும் நின்று நின்றுதான் ஓடும்.

மீற்றர்காரன் எழுதியது:

பில் குறையுமா என்பதற்கு நேர்மையான பதில்: இன்றைய விலையில், ஒன்ராறியோவில், பெரிதாகக் குறையாது. இதைச் சொல்லாமல் ஹீட் பம்ப் விற்கிறவர்கள் அதிகம்.

முதலில் கணக்குப் போடும் முறை. மொத்த பில்லை யூனிற்றால் வகுக்காதீர்கள். எரிவாயு பில்லில் மாதாந்த வாடிக்கையாளர் கட்டணம் நிலையானது, எரித்தாலும் எரிக்காவிட்டாலும் வரும். மின்சாரத்திலும் விநியோகக் கட்டணம் வீடுகளுக்கு நிலையானது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, கூட எரித்தால் கூட வரும் வரிகளை மட்டும் கூட்டுங்கள்: எரிவாயுவில் வாயு விலை, கொண்டுவரும் செலவு, டெலிவரி, மின்சாரத்தில் மின்விலை, டிரான்ஸ்மிஷன், ஒழுங்குமுறைக் கட்டணம். பிறகு வரி.

பிறகு இந்த ஒரே சமன்பாடு: 10ஐ மின்சார சதத்தால் பெருக்கி எரிவாயு சதத்தால் வகுக்கவும். வருவதுதான் ஹீட் பம்புக்கு வேண்டிய ஆகக் குறைந்த சிஓபி.

உதாரணத்துக்கு மின்சாரம் 14 சதம், எரிவாயு கன மீற்றர் 35 சதம் என்று வையுங்கள். 140ஐ 35ஆல் வகுத்தால் 4. நல்ல ஹீட் பம்ப் பிளஸ் 8இல் 4ஐத் தொடும், சைபரில் 3, மைனஸ் 15இல் 2க்குக் கிட்ட. ஆக ஒக்டோபரிலும் ஏப்ரலிலும் மட்டும்தான் சரிக்குச் சரி. 2025 ஏப்ரல் 1இல் எரிவாயுவின் காபன் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அதுவரை கன மீற்றருக்கு 15 சதத்துக்கு மேல் அதுவே இருந்தது. அந்த 15ஐக் கூட்டிக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 2.8 வரும். அதற்கு முன் எழுதிய "ஹீட் பம்ப் லாபம்" கட்டுரைகளை இப்போது அப்படியே எடுக்க முடியாது என்பது அதனால்தான்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. 2023 மே முதல் இரவு மலிவுக் கட்டணத் திட்டம் இருக்கிறது: இரவு 11 முதல் காலை 7 வரை, எல்லா நாளும். அந்த நேரத்தில் எல்லாம் சேர்த்து 7 சதம் என்று வையுங்கள். 70ஐ 35ஆல் வகுத்தால் 2. அதாவது இரவில் மைனஸ் 12, 13 வரைக்கும் ஹீட் பம்ப் மலிவு, பகலில் ஃபேர்னஸ் மலிவு. ஆனால் அதே திட்டத்தில் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை விலை ஏறி நிற்கும். சமையலும் உடுப்பு உலர்த்தலும் அந்த நேரத்தில்தான் என்றால் இரவில் பிடித்ததை மாலையில் விட்டுவிடுவீர்கள். மின்கார் உள்ள வீட்டுக்குத்தான் அந்தத் திட்டம் பொருத்தம்.

உங்கள் வீட்டுக்குத் தோராயமாக: வருடம் முழுக்கச் சூடாக்க 1,900 கன மீற்றர் போகும். இரவுப் பங்கு மூன்றில் ஒன்று, 650 கன மீற்றர். எரிவாயுவில் மிச்சம் 228 டொலர். அதே வெப்பத்துக்குச் சராசரி சிஓபி 2.8இல் 2,300 யூனிற், 7 சதப்படி 162 டொலர். வருட லாபம் 66 டொலர். 4,600 டொலர் கூடக் கொடுத்து இதை மீட்க எழுபது வருடம் வேண்டும், பெட்டிக்கோ 15 வருடம்தான் ஆயுள்.

ஆனால் நீங்கள் ஒப்பிட்டதே பிழையான சோடி. 5,200க்கு ஒரு வேக ஏசி, 9,800க்கு இன்வேர்ட்டர். அந்த 4,600இல் பெரும் பகுதி இன்வேர்ட்டருக்குக் கொடுப்பது, ரிவேர்சிங் வால்வுக்கு அல்ல. அதே ஒப்பந்தக்காரரிடம் ஒரே தரத்தில் ஏசி, ஹீட் பம்ப் இரண்டுக்கும் விலை கேளுங்கள். அரசு, எரிவாயுக் கம்பனி ஊக்கத்தொகை எது இருந்தாலும் வேலை தொடங்குவதற்கு முன் விதிகளை வாசியுங்கள். முன் அனுமதி கேட்பவை உண்டு, பட்டியலில் உள்ள மொடல் இலக்கம் உள்காயிலோடு சேர்ந்து பொருந்த வேண்டும். கழித்த பிறகு வித்தியாசம் 1,000, 1,500 என்றால் ஹீட் பம்பை எடுங்கள். ஃபேர்னஸ் நடுப்பனியில் நின்றால் வீடு உறையாமல் பார்க்க இன்னொரு இயந்திரம் இருக்கும், நாளைக்கு எரிவாயு விலை ஏறினாலும் கையில் வழி இருக்கும். வித்தியாசம் 4,000க்கு மேல் என்றால் ஏசியே போதும்.

வாசல்படி எழுதியது:

மீற்றர்காரன் அண்ணா, குளிர்பெட்டி, இரண்டு பேருக்கும் நன்றி. எரிவாயுவையே வெட்டிவிட்டால் அந்த நிலையான கட்டணமும் மிச்சமாகாதா? இன்னொன்று, ஹீட் பம்ப் பூட்டிய வீடுகளில் "காற்றுக் குளிராக வருகுது" என்று சொல்லுகிறார்களே, ஏன்?

செம்புக்குழாய் எழுதியது:

எரிவாயுவை வெட்ட வேண்டுமானால் தண்ணீர் தாங்கி, அடுப்பு எல்லாம் மாற வேண்டும். ஃபேர்னஸ் போனால் மின் ஹீற்றர் பின்துணை வேண்டும். வழக்கமாகப் போடும் 10 கிலோவாட் ஹீற்றர் 240 வோல்ற்றில் 42 அம்ப் இழுக்கும், 60 அம்ப் பிரேக்கர். 100 அம்ப் பெட்டியில் அதோடு மின் அடுப்பும் தண்ணீர் தாங்கியும் என்றால் பெட்டியை 200க்கு மாற்றச் சொல்வார்கள். 7 வயது ஃபேர்னஸை வைத்துக்கொண்டு இதில் இறங்கத் தேவையில்லை. அது சாகும்போது யோசியுங்கோ.

குளிர் காற்று விஷயம். ஃபேர்னஸிலிருந்து வரும் காற்று 50 பாகைக்கு மேல். ஹீட் பம்ப் 20,000 பிடியுவை நிமிடத்துக்கு 1,000 கன அடி காற்றில் கொடுத்தால் காற்று 10 பாகைதான் ஏறும்: 21இல் உள்ளே போய் 31இல் வெளியே வரும். கையை வென்ட்டில் பிடித்தால் தோலின் சூட்டைவிடக் குறைவு, சில்லென்றுதான் படும். அறை 21இலேயே நிற்கும். இது பழுதில்லை. கதிரையோ கட்டிலோ வென்ட்டுக்கு நேரே இருந்தால் தள்ளிப் போடுங்கோ.

உண்மையான பழுது வேறு: பனி உருக்கும் நேரத்தில் வரும் குளிர் காற்று. பிளஸ் 2 முதல் மைனஸ் 5 வரையான ஈரக் குளிரில் வெளிக்காயிலில் வெண்பனி பிடிக்கும். பெட்டி தானாக ஏசி பக்கம் திரும்பி, வெளி விசிறியை நிற்பாட்டி, வீட்டுச் சூட்டை எடுத்து அந்தப் பனியை உருக்கும். சில நிமிடம். வெளியே ஆவி கிளம்பும், "புஸ்" என்று சத்தம் வரும். புதிதாகப் பார்ப்பவர் தீப்பிடித்துவிட்டது என்று நினைப்பார். அந்த நிமிடங்களில் ஃபேர்னஸை எரியச் சொல்லி வெளிப் பெட்டியிலிருந்து ஒரு வயர் வர வேண்டும், டபிள்யூ முனை. அதைப் பூட்டாமல் விட்டால் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குள் ஏசிக் காற்று அடிக்கும்.

அந்த வயர்தான் இங்கே அடிக்கடி கோட்டை விடும் இடம். பழைய ஏசிக்கு வெளியே போவது இரண்டே வயர், வை முனையும் சி முனையும். சாதாரண ஹீட் பம்புக்கு ஆர், சி, வை, ஓ, டபிள்யூ என்று குறைந்தது ஐந்து வயர் வேண்டும். எட்டு வயர் உள்ள கேபிளாக இழுக்கச் சொல்லுங்கோ. சில இன்வேர்ட்டர்கள் தங்களுக்கென்ற தொடர்பு வயரைப் பாவிக்கும். அது வேறு கதை. அவற்றில் சில தங்கள் சொந்தத் தேர்மோஸ்ராட்டைத் தவிர வேறொன்றையும் ஏற்காது, விலை பேசும்போதே கேளுங்கோ.

குழாய்: ஆர்-22 குழாயில் பழைய மினரல் எண்ணெய் ஒட்டியிருக்கும். புதிய ஆர்-32, ஆர்-454பி பெட்டிகளுக்கு வேறு எண்ணெய். பேஸ்மென்ட் கூரைக்குள் புதைந்திருந்தால் கழுவிப் பாவிக்கலாம், விட்டம் பொருந்த வேண்டும். எட்டக்கூடிய இடம் என்றால் புதிதாகப் போடுவதே மேல். ஒட்டும்போது குழாய்க்குள் நைதரசன் ஓட வேண்டும்; ஓடாவிட்டால் உள்ளே கருகல் படிந்து, பிறகு கழன்று எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். முதல் குளிர்காலத்திலேயே கூப்பிட வேண்டி வரும். வாயு விட முதல் குழாயில் எடுக்கும் வெற்றிடம் 500 மைக்ரோனுக்குக் (வெற்றிட அழுத்த அளவு) கீழே, பம்பை மூடிய பிறகும் ஏறாமல் நிற்க வேண்டும். அந்த இலக்கத்தைப் படம் எடுத்துத் தரச் சொன்னால் நல்ல வேலைக்காரர் கோபிக்கமாட்டார்.

பருத்த குழாயின் உறையைக் கவனியுங்கோ. ஏசியில் அது குளிர்ந்த குழாய். ஹீட் பம்பில் மாரியில் கொதிக்கும் வாயு போவது அதில்தான். வெயிலில் பிய்ந்த உறை என்றால் நீங்கள் முற்றத்தைச் சூடாக்குகிறீர்கள்.

வெளிப் பெட்டி நிலத்திலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி உயரக் கால்களில் நிற்க வேண்டும், பனிக் குவியலுக்கு மேலே. உருகிய தண்ணீர் நடைபாதைப் பக்கம் வடிந்தால் அங்கே கண்ணாடி மாதிரி ஐஸ் பிடிக்கும். கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்துக்குக் கீழே வைத்தால் விசிறியிலேயே ஐஸ் கட்டும். ஏசிக்குக் குளிர்காலத்தில் தார்ப்பாய் போட்டு, பிரேக்கரை நிற்பாட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. ஹீட் பம்புக்கு இரண்டும் கூடாது. கொம்பிரஷரின் அடியைச் சூடாக வைத்திருக்கும் ஹீற்றருக்கு மின்சாரம் எப்போதும் வேண்டும்.

வேலைக்கு வருபவரிடம் குளிர்சாதன லைசென்ஸும் ஓசோன் அட்டையும் (குளிர்வாயுவைக் கையாளும் பயிற்சி அட்டை) கேளுங்கோ, ஃபேர்னஸில் எரிவாயுப் பக்கம் கை வைத்தால் டிஎஸ்எஸ்ஏ (எரிவாயு வேலையைக் கண்காணிக்கும் அமைப்பு) சான்று. மின் வேலைக்கு ஈஎஸ்ஏ (மின் பாதுகாப்பு அமைப்பு) அறிவித்தல் இலக்கம்.

பனிக்காலம் எழுதியது:

மூன்றாவது ஆளைப் பற்றி, அந்த 149 வாடகைக்காரரைப் பற்றி, யாரும் சொல்லவில்லை. ஒன்ராறியோவில் ஏசி, ஃபேர்னஸ், தண்ணீர் தாங்கி இவற்றை அழைக்காமல் கதவைத் தட்டி வந்து ஒப்பந்தம் போடுவது 2018 மார்ச் 1 முதல் தடை. மாதம் 149 என்பது பத்து வருடத்தில் 17,880 டொலர், அதுவும் விலை ஏற்றப் பிரிவு இல்லாவிட்டால். முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்கள் வீட்டு உறுதியில் பாத்தியதை அறிவித்தல் (வாடகைப் பெட்டிக்கு உரிமை கோரும் பதிவு) பதிந்துவிடுவார்கள், வீடு விற்கும்போதுதான் தெரியவரும். 2024 யூன் 6 முதல் அந்தப் பதிவுக்கும் தடை. அம்மா அப்பா தனியே இருக்கும் வீடு என்றால் இதை அவர்களுக்கும் சொல்லி வையுங்கள். கையெழுத்து வைத்திருந்தால் உடனே எழுத்தில் ரத்துச் செய்யுங்கள், வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்துக்கு 10 நாள் அவகாசம் உண்டு.

குளிர்பெட்டி எழுதியது:

செம்புக்குழாய் சொன்னதோடு தேர்மோஸ்ராட் அமைப்பையும் சேர்க்கிறேன், பூட்டிவிட்டுப் போகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

உங்கள் ஹீட் பம்ப் காயில் ஃபேர்னஸுக்கு மேலே நிற்கும். இரண்டும் ஒன்றாக ஓடக்கூடாது: ஃபேர்னஸின் 50 பாகைக் காற்று காயிலில் பட்டால் வாயு அழுத்தம் ஏறி, பாதுகாப்பு சுவிட்ச் பெட்டியை நிற்பாட்டும். பனி உருக்கும் சில நிமிடம் மட்டும் விதிவிலக்கு, அப்போது காயில் குளிர்ந்திருக்கும். எனவே தேர்மோஸ்ராட்டில் "இரட்டை எரிபொருள்" என்று தெரிவு செய்ய வேண்டும். மின் பின்துணை என்று விட்டால் இரண்டையும் சேர்த்து ஓட்டும்.

ஈகோபீ போன்றவற்றில் இரண்டு வெப்பநிலை கேட்கும். ஒன்று, இதற்குக் கீழே கொம்பிரஷர் ஓடாதே. மற்றது, இதற்கு மேலே ஃபேர்னஸை எரிக்காதே. இரண்டையும் மீற்றர்காரனின் சமன்பாட்டிலிருந்து எடுங்கள், பெட்டியின் ஆற்றலிலிருந்து அல்ல. சாதாரணக் கட்டணத்தில் இருப்பவருக்கு மாறும் இடம் பிளஸ் 8க்குக் கிட்ட வரும். இரவு மலிவுத் திட்டக்காரருக்குச் சிக்கல் என்னவென்றால் பெரும்பாலான தேர்மோஸ்ராட்கள் வெளி வெப்பநிலையைப் பார்த்துத்தான் மாற்றும், மணியைப் பார்த்து அல்ல. நேரப்படி மாற்றும் வசதி வேண்டுமானால் வாங்கும் முன்பே உறுதி செய்யுங்கள்.

ஓ, பி முனை: பெரும்பாலான பெட்டிகளில் ரிவேர்சிங் வால்வுக்குக் குளிராக்கும்போது மின்சாரம் போகும், அது ஓ. ரீம், ரூட் பெட்டிகளில் சூடாக்கும்போது, அது பி. தெரிவு மாறினால் ஏசி போடச் சூடு வரும், சூடு போடக் குளிர் வரும். வயரைக் கழற்ற முதல் அந்த ஒரு வரியைப் பாருங்கள்.

இரவில் 17க்கு இறக்கிக் காலையில் 21க்கு ஏற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். நான்கு பாகையை ஒரே மூச்சில் ஏற்ற ஹீட் பம்பால் முடியாது, அதைப் பார்த்துத் தேர்மோஸ்ராட் ஃபேர்னஸைக் கூப்பிடும். ஒரு பாகை இறக்கினால் போதும்.

கடைசியாக ஃபில்டர். ஓர் அங்குலத் தடிப்பில் மேர்வ் 13 (நுண்தூசியையும் பிடிக்கும் இறுக்கமான தரம்) போட்டிருந்தால் கழற்றுங்கள். 2.5 தொன்னுக்கு நிமிடத்துக்கு 1,000 கன அடி காற்று வேண்டும், அந்த ஃபில்டர் மூச்சைப் பிடித்துவிடும். ஃபேர்னஸில் காற்றழுத்தம் எவ்வளவு என்று வேலைக்காரரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ஃபேர்னஸ்களில் எழுதியிருக்கும் உச்சம் அரை அங்குலத் தண்ணீர் அளவு. அதைத் தாண்டினால் நான்கு அங்குல ஃபில்டர் பெட்டி பூட்டுங்கள், ஏசி எடுத்தாலும் சரி, ஹீட் பம்ப் எடுத்தாலும் சரி.

வாசல்படி எழுதியது:

ஒரே தரத்தில் ஏசி, ஹீட் பம்ப், இரண்டும் 2.5 தொன், எட்டு வயர் கேபிளோடு விலை கேட்டு அனுப்பியிருக்கிறேன். மைனஸ் 15 அட்டவணையும் கேட்டேன். வந்ததும் மொடல் இலக்கத்தோடு இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கோ. 149காரருக்குக் கதவு திறக்கவில்லை.